கரையில் விழும் வெயில்: கடலோரப் படங்கள் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

கடற்கரைக்குப் புதிதாகக் கேமரா எடுத்துப் போகிறவர்களின் முதல் படம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் சூரியன், கீழே கடல், அவ்வளவுதான். நேரில் நெஞ்சை அள்ளிய காட்சி, திரையில் பார்த்தால் ஒரு வெள்ளைப் பொட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மங்கிய ஆரஞ்சுமாகச் சுருங்கிக் கிடக்கும். அந்த வேளையின் அழகை ஈர மணலின் மடிப்புகளில் தேட வேண்டும். படகின் பக்கப் பலகையில், வலை இழுக்கும் கையின் நரம்புகளில், உடையப் போகும் அலையின் மெல்லிய பச்சைச் சுவரில் தேட வேண்டும். சூரியனைத் துரத்தாமல் அதன் வெளிச்சம் போய் விழும் இடத்தைப் பாருங்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். கீழே வரும் எண்களும் அமைப்புகளும் அதற்குத் துணை. கைபேசிக்கும் பெரிய கேமராவுக்கும் இது பொது.

பொழுதைக் கணக்கிடுங்கள்

சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தை நேராகத் துளைத்துக்கொண்டு வருகிறது. தொடுவானத்தருகே இறங்கிவிட்டால் அதே ஒளி ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். அலைநீளம் குறைந்த நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி நம்மிடம் வந்து சேர்கின்றன. வெப்பமான ஒளி என்று நாம் சொல்வது இதைத்தான்.

சூரியன் தொடுவானத்துக்கு மேல் 6 டிகிரியில் இருக்கும் நேரம் முதல் அதற்குக் கீழே 4 டிகிரி இறங்கும் வரை உள்ள இடைவெளியை 'கோல்டன் அவர்' என்பார்கள். பெயரில் மணி இருந்தாலும் எல்லா ஊரிலும் அது ஒரு மணி நேரம் நீடிக்காது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் ஏறத்தாழ நேர்க்கோட்டில், மணிக்கு 15 டிகிரி வீதம் விழுகிறது. 6 டிகிரியிலிருந்து விளிம்பைத் தொட 25 நிமிடம்கூட ஆகாது. வடக்கே 60 டிகிரி அட்சரேகையில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இதைப்போல இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். நீங்கள் வெப்பமண்டலக் கரையில் நிற்கிறீர்கள் என்றால் பொழுது சாய்ந்த பிறகு இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெயில் இன்னும் கடுமையாக இருக்கும்போதே போய், எங்கே நிற்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் மிச்சம் என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சூரியன் அதன் மேல் விளிம்பில் அமர்ந்திருந்தால் வெப்பமண்டலத்தில் இன்னும் 40 நிமிடம் இருக்கிறது, மற்ற இடங்களில் அதைவிடக் கூடுதலாக.

காலையா மாலையா என்று கேட்டால், தொடங்குபவர்களுக்கு நான் காலையைத்தான் சொல்வேன். கடற்காற்று பொதுவாக நிலம் சூடான பிறகு பிற்பகலில்தான் வலுக்கும். விடியலில் நீர் அடங்கியிருக்கும், பிரதிபலிப்பு தெளிவாக விழும், மணலில் காலடித் தடங்களும் குறைவு. மாலையில் காற்றில் தூசும் ஈரமும் கூடியிருப்பதால் சிவப்பு பெரும்பாலும் ஆழமாக இருக்கும். நெய்தல் நிலத்துக்கு உரிய பொழுதாக, சூரியன் சாயும் எற்பாட்டை வகுத்த மரபு நம்முடையது. அந்த மாலை ஒளியையும் விட்டுவிட வேண்டாம், ஆனால் பழகுவதற்குக் காலை இலகுவானது.

கரை எந்தத் திசை பார்க்கிறது?

கிளம்பும் முன் வரைபடத்தில் இதை ஒரு முறை பாருங்கள். கிழக்கு நோக்கிய கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். காலையில் நீருக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முன்னே இருக்கும் படகும் மனிதரும் முழு வெளிச்சத்தில் இருப்பார்கள். கரையின் நீளத்தை ஒட்டிப் பார்த்தால் பக்க வெளிச்சம். மாலையில் சூரியன் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். பின்னால் மேடோ கட்டடமோ மரங்களோ இருந்தால் கரை முன்னதாகவே நிழலுக்குள் விழுந்துவிடும். மேற்குக் கரையில் இதெல்லாம் தலைகீழ். தெற்கோ வடக்கோ பார்த்த கரை அமைந்தால் அது ஒரு வரம், ஏனென்றால் காலையிலும் மாலையிலும் கடலின் மேல் ஒளி பக்கவாட்டில் ஓடும்.

சூரியன் எழும் இடமும் விழும் இடமும் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. டிசம்பரில் இரண்டு பாறைகளுக்கு நடுவே மறைந்த சூரியன் ஜூனில் அங்கே இராது. குறிப்பிட்ட நாளில் எந்தக் கோணத்தில் மறையும் என்று காட்டும் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன.

ஓதத்தை மறக்கும் புதியவர்கள் மிகுதி. உலகின் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே 6 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்த அட்டவணை நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகிறது. ஆகவே இன்று அந்தியில் வற்றி நிற்கும் நீர், அடுத்த வாரம் அதே அந்தியில் நிரம்பி நிற்கும். மறுபடி அந்தியில் வற்றுவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் வற்றும் நேரமும் சூரியன் சாயும் நேரமும் ஒன்றாக வரும் நாளைத் தேடிக் குறித்துவையுங்கள். அப்போதுதான் அகலமான ஈர மணல் கண்ணாடி மாதிரி கிடக்கும், பாறைக் குட்டைகள் வெளியே தெரியும், அவற்றில் வானத்தின் நிறம் இறங்கும்.

மேகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேகமே இல்லாத வானம் கண்ணுக்கு இதம், படத்தில் வெறுமை. உயரத்தில் சிதறிய மேகங்கள் இருந்தால் சூரியன் மறைந்த பிறகும் அவற்றின் அடிப்பகுதியில் நிறம் எரியும். தொடுவானத்தை ஒட்டிய தடித்த மேகச் சுவர்தான் உண்மையான தடை.

முதலில் ஒரு சுற்றுத் திரும்புங்கள்

இடத்தை அடைந்ததும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, நின்ற இடத்தில் மெல்ல ஒரு முழுச் சுற்றுத் திரும்புங்கள். சூரியனைப் பார்க்கும் பக்கம், அதற்கு முதுகு காட்டும் பக்கம், இரு தோள்களின் பக்கம் என்று நான்கு விதமான உலகங்கள் தெரியும். ஒரே பொருளை நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு படகே போதும்.

முதுகுப்பக்கம் சூரியன் இருந்தால் படகின் வண்ணம் முழுதாக வரும், ஆனால் தட்டையாக இருக்கும். உங்கள் நிழலும் படத்துக்குள் நீண்டு வந்து விழும். இது எளிய வெளிச்சம், அதனால் அலுக்கும் வெளிச்சமும்கூட. வண்ணம் மட்டுமே பேச வேண்டிய இடத்தில் பயன்படுத்துங்கள்.

பக்க வெளிச்சம் தோலுரித்துக் காட்டும். மணலின் ஒவ்வொரு அலைமடிப்புக்கும் ஒரு பக்கம் பொன், மறு பக்கம் நீல நிழல். மரத்தின் இழை, கயிற்றின் முறுக்கு, முகத்தின் கோடுகள் எல்லாம் எழுந்து நிற்கும். நிழல்களில் நீலம் வருவது வானத்தால். சூரிய ஒளி எட்டாத இடத்தை வானம்தான் ஒளியூட்டுகிறது. பொன்னும் நீலமும் ஒரே படத்தில் அருகருகே இருப்பதால்தான் பொன் பொன்னாகத் தெரிகிறது. எங்கும் ஆரஞ்சு பூசிய படம் சூடாகத் தோன்றாமல் அழுக்காகத் தோன்றுவதும் இதனால்தான். மணல் மடிப்புகளை எடுக்கும்போது முழங்காலிட்டுக் கேமராவைத் தாழ்த்துங்கள். நின்றபடி எடுத்தால் பாதி நிழல் காணாமல் போகும்.

எதிர் வெளிச்சம் கடலோரத்தின் தனிச் சொத்து. அலை எழுந்து உடையும் முன் அதன் உச்சி ஒரு கணம் மெலிகிறது. அந்த மெல்லிய நீரைத் துளைத்துச் சூரியன் வரும்போது அலை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும். தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் (ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் திரை), தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் முறை, இவை இருந்தால் பிடித்துவிடலாம். உதறும் வலையிலிருந்து தெறிக்கும் துளிகள், மூட்டமான காற்றில் மிதக்கும் உப்புத் திவலை, பறவையின் இறகு விளிம்பு ஆகியவையும் எதிர் வெளிச்சத்தில்தான் உயிர்பெறும். பின்னணியில் இருண்ட ஏதாவது இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். வெளுத்த வானத்துக்கு முன் துளிகள் தெரியாது.

இன்னொரு வசதியும் கடற்கரையில் உண்டு. ஈர மணலும் நுரையும் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்புகின்றன. சூரியனுக்கு முதுகு காட்டி நீர் விளிம்பில் நிற்பவரின் முகத்தில்கூட ஒரு மெல்லிய ஒளி இருப்பதைக் கவனியுங்கள். ஃப்ளாஷ் வேண்டியதில்லை. அதன் வெளிர் வெள்ளை, அந்தச் சூழலின் நிறத்தையே கெடுத்துவிடும்.

நிறத்தைக் கேமரா அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பொன்னொளியைக் கண்டால் பெரும்பாலும் அதை ஒரு கோளாறாக எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கும். நாம் விடியலில் எழுந்து போனதே அந்தக் கோளாறுக்காக. எனவே ஒயிட் பேலன்ஸைச் சூரியப் படம் போட்ட 'டேலைட்' அமைப்பில் நிறுத்திவிடுங்கள். நண்பகல் வெயிலை, அதாவது ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 5,200 முதல் 5,500 வரை உள்ளதை, நடுநிலையாக வைத்துக்கொண்டு கேமரா பார்க்கும். அதைவிடச் சிவந்த ஒளி சிவப்பாகவே பதியும். 'கிளவுடி', 'ஷேட்' என்ற அமைப்புகள் இன்னும் சூடேற்றும். மங்கலான மாலைக்கு 'கிளவுடி' உதவலாம். 'ஷேட்' பல நேரம் அளவு மீறிப் போய்விடும்.

கெல்வின் எண்ணில் புதியவர்கள் குழம்புவார்கள். சூரியன் சாயச் சாய ஒளியின் எண் குறைந்து 3,000க்கும் கீழே போகும், ஒளி சிவக்கும். கேமராவிலோ எண்ணைக் கூட்டினால்தான் படம் சிவக்கும். முரண் இல்லை. 'வெளிச்சம் 7,000 கெல்வின், நீலம் அதிகம்' என்று நீங்கள் சொன்னால், கேமரா அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நிறத்தைப் பிறகு மாற்ற இடம் கிடைக்கும். இப்போது பல கைபேசிகளிலும் 'ப்ரோ' முறையில் ஒயிட் பேலன்ஸை மாற்றும் வசதியும் ரா வசதியும் இருக்கின்றன.

வெளிச்ச அளவு

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நம்புகிறது. வெண்மணலும் நுரையும் ஃப்ரேமை நிறைத்தால் அவற்றையும் சாம்பலாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷர் ஈடுகட்டலை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +2/3 அல்லது +1 என்று ஏற்றுங்கள். வானத்தின் நிறத்தையும் நிழலுருவத்தையும் காட்ட வேண்டும் என்றால் −1 வரை இறக்குங்கள். கைபேசியில் வானத்தின் பிரகாசமான பகுதியை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும்.

திரையின் தோற்றத்தை நம்ப வேண்டாம், வெயிலில் அது ஏமாற்றும். இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து, வலது விளிம்பில் மேடு முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சூரிய வட்டம் வெளுத்துப்போவது பரவாயில்லை. அதைச் சுற்றியுள்ள மேகமும் நுரையின் நுணுக்கமும் வெளுத்தால் அவை திரும்பி வாரா. நிழலைப் பின்னர் ஓரளவு தூக்கிவிடலாம்.

வானத்துக்கும் நீருக்கும் உள்ள இந்த இழுபறி புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீலத்துக்கு மிகையாக இசைந்ததால் கடலுக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகும். 1850களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களை இணைத்துச் சில கடற்காட்சிகளை அச்சிட்டார். இன்றைக்கு ட்ரைபாடில் வைத்து −2, 0, +2 என்று மூன்று படங்கள் எடுத்து மென்பொருளில் சேர்ப்பது அதன் தொடர்ச்சிதான். ஆனாலும் எந்தப் பக்கத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்து ஒரே படத்தில் எடுக்கப் பழகுங்கள். ஆள் நடமாட்டமும் அலையும் இருக்கும் இடத்தில் மூன்று படங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது கடினம்.

தொடக்க அமைப்பு வேண்டும் என்பவர்களுக்கு: லென்ஸின் துளையை நீங்கள் தீர்மானிக்கும் 'ஏ' அல்லது 'ஏவி' முறை, துளை அளவு எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100. நிலக்காட்சிக்கு எஃப் 8 முதல் 11 வரை போதும். எஃப் 22க்குப் போனால் ஒளி வளைவதால் கூர்மை குறையும். பொழுது இறங்க இறங்க ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று ஏற்றத் தயங்காதீர்கள். சிறிது புள்ளி விழுந்தாலும் படம் நிற்கும், கை நடுங்கிக் கலங்கிய படத்தை மீட்க வழியில்லை.

அலையின் வேகம்

அலை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை ஷட்டர் தீர்மானிக்கிறது. பாறையில் மோதிச் சிதறும் நீரை உறையவைக்க 1/1000. கரையேறித் திரும்பும் நீர் இழுத்துச் செல்லும் வெண்கோடுகளுக்கு 1/4 முதல் 1 நொடி வரை. எனக்கு மிகவும் பிடித்த வேகம் இதுதான், நீரின் திசையும் வலுவும் இரண்டும் தெரியும். அலை ஏறும்போது எடுக்காமல் திரும்பும்போது பொத்தானை அழுத்துங்கள், கோடுகள் உங்களிடமிருந்து கடலை நோக்கி ஓடும். 30 நொடிக்குக் கடல் பனிமூட்டமாகிவிடும். அழகுதான், ஆனால் எல்லாக் கடலும் ஒரே கடலாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

வெளிச்சம் மிகுந்திருக்கும்போது நீண்ட நேரம் திறந்துவைக்க, ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர் வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது என்று பொருள். 6 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காக்கும், 10 ஸ்டாப் சுமார் 1000இல் ஒரு பங்காக்கும். 1/30 நொடி தேவைப்பட்ட இடத்தில் முதலாவது 2 நொடியும், இரண்டாவது 30 நொடிக்குச் சற்றுக் கூடுதலும் தரும்.

ட்ரைபாடை ஈர மணலில் வைத்தால் கால்களை அழுத்தி ஊன்றுங்கள். ஒன்றிரண்டு அலை வந்து போய் அது இறங்கி நிலைக்கட்டும், பிறகு எடுக்கலாம். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். 2 நொடி டைமர் வைத்தால் விரல் படும் அதிர்வும் போய்விடும்.

பொலரைசர் என்ற சுழற்றும் ஃபில்டர் ஈரப்பாறையின் பளபளப்பை நீக்கிக் குட்டைக்குள் இருப்பதைக் காட்டும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானத்தின் மேல் முழுப் பலன். அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துப்போகும். ஈர மணலில் பொன் பிரதிபலிக்க வேண்டும் என்று நிற்கும்போது இதைக் கழற்றிவிடுங்கள், அந்தப் பிரதிபலிப்பையே அது அழித்துவிடும்.

ஃப்ரேமுக்குள்

தொடுவானம் சாய்ந்தால் கடலே ஒரு பக்கம் வழிவதுபோல் இருக்கும். கட்டக் கோடுகளைத் திரையில் வைத்துக்கொண்டு நேராக்குங்கள். பிரதிபலிப்பு முழுதாக இருந்தாலொழிய தொடுவானத்தை நடுவில் போட வேண்டாம். வானம் சிறந்திருந்தால் வானத்துக்கு இடம், மணல் சிறந்திருந்தால் மணலுக்கு.

விரிந்த வெறுமையை மட்டும் எடுத்தால் பார்ப்பவரின் கண்ணுக்குத் தங்க இடம் இராது. அருகில் ஒரு சங்கு, நங்கூரக் கயிறு, நீர் வழிந்த தடம், ஏதாவது ஒன்று வெயிலைத் தாங்கி நிற்கட்டும். மணலில் நடப்பதற்கு முன் எந்தப் பக்கம் எடுக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். பதிந்த கால்தடத்தை அழிக்க முடியாது.

மனிதர்கள்

கடலோர வாழ்வு என்றதும் எல்லாரும் மீனவரையே குறிவைக்கிறார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம், பெரும்பாலும் தூங்காத இரவின் முடிவு. முதலில் பேசுங்கள். என்ன படம், எதற்கு, எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். குளிப்பவர்களையும் குழந்தைகளையும் அனுமதியில்லாமல் எடுக்கவே கூடாது. குழந்தைக்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

இழுபடும் கயிறும் வடமும் போகும் வழியில் நிற்காதீர்கள். இறுகிய கயிறு அறுந்தால் வீசும் வேகம் கொடியது. படகு கரையேறும்போது அதன் முன்னாலும் நிற்கக் கூடாது. தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் திருட்டுத்தனமாக எடுப்பதைவிட, 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு அருகில் நின்று, அவர்கள் உங்களை மறக்கும் வரை காத்திருப்பது நல்லது. அந்தப் படங்களில் ஒரு நெருக்கம் இருக்கும்.

புகைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே கேமரா மீனவரிடம் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே நியூஹேவனில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1840களில் மீனவக் குடும்பங்களைப் படமெடுத்தார்கள். திறந்த வெளியில் சூரிய ஒளிதான் அவர்களுக்கு இருந்த விளக்கு. ஒளிபதிய நேரம் பிடித்ததால் படத்தில் இருப்பவர்கள் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. நம் கையில் 1/500 நொடி இருக்கிறது, ஆகவே யாரையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. வேலை நடக்கட்டும்.

நகரும் கைகளுக்கு 1/250, வலை வீச்சுக்கு 1/1000. முகத்தை எடுக்கும்போது ஒளி பக்கத்திலிருந்து வருமாறு நீங்கள் நகருங்கள், அவரை நகரச் சொல்லாதீர்கள். முகம் மட்டுமே மனிதர் இல்லை. வலை தைக்கும் விரல்கள், உப்பு காய்ந்த முன்கை, மீன் கூடையைச் சுற்றி நீளும் நிழல்கள் என்று எடுக்க இன்னும் இருக்கிறது. படம் தருவதாகச் சொன்னால் தந்துவிடுங்கள்.

துறைமுகம், கடற்படைத் தளம், கலங்கரை விளக்க வளாகம் போன்ற இடங்களில் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. ட்ரோனுக்கு அனுமதி வேண்டுமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்டும் பறவையும்

மணலில் வயிற்றின் மேல் படுத்துவிடுங்கள். நண்டின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் பின்னால் இருக்கும் கடல் பொன் புள்ளிகளாகக் கரையும். அசையாமல் கிடந்தால் வளைக்குள் ஓடிய நண்டு சிறிது நேரத்தில் திரும்ப வரும். பறவை நடக்கும்போது 1/1000, பறக்கும்போது 1/2000. கூட்டத்தைப் பறக்கவைத்துப் படமெடுக்க அதற்குள் ஓடாதீர்கள். வலசை வந்த பறவைக்கு அங்கே கிடைக்கும் ஓய்வும் இரையும்தான் அடுத்த பயணத்துக்கான வலு. சில கரைப் பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிடும், மணல் நிறத்திலேயே முட்டை இருக்கும், எனவே மேட்டுமணலில் பார்த்து நடங்கள். கடலாமை கரையேறும் இடங்களில் இரவில் ஃப்ளாஷும் டார்ச்சும் கூடாது. கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பி ஊர்ந்து செல்லும் குஞ்சுகள் செயற்கை ஒளியால் திசைமாறும்.

சூரியனையே எடுக்க நினைத்தால்

எடுக்கலாம். வானில் அதன் அகலம் அரை டிகிரிதான், அதனால்தான் கைபேசியில் பொட்டாகிறது. 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விழும், அப்போது ஒரு படகோ ஆளோ அதன் முன் கடந்தால் படம் நிற்கும். ஆனால் சூரியன் ஒளிரும்போது டெலி லென்ஸ் பொருத்திய கேமராவின் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாக ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் நிரந்தரமாகப் பாழாகும். சென்சாருக்கும் ஆகாது. திரையைப் பயன்படுத்துங்கள், தேவையான நேரம் மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்கள்.

மறைந்ததும் எல்லாரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். நீங்கள் இன்னும் 20 நிமிடம் இருங்கள். உயர்ந்த மேகங்கள் பல நாட்களில் அதற்குப் பிறகுதான் நிறம் பிடிக்கும், பின் வானம் அடர்நீலமாகும், படகு விளக்குகள் அதில் மஞ்சளாக நிற்கும். ட்ரைபாட் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை மீண்டும் 100க்கு இறக்கிவிட்டு 5, 10 நொடி திறந்துவையுங்கள்.

உங்கள் உயிரும் உங்கள் கேமராவும்

பாறையில் இறங்கும் முன் 10, 15 நிமிடம் அலையைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடப் பெரிய அலை இடையிடையே வரும். ஈரமாக இருக்கும் பாறை, அலை எட்டும் பாறை. கறுத்துப் பாசி பிடித்த பாறையில் எந்தச் செருப்பும் நிற்காது. கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு திரையில் மூழ்காதீர்கள். நீர் ஏறினால் திரும்பும் வழி மூடிவிடுமா என்பதைப் போகும்போதே பாருங்கள். தனியாகப் போகிறவர்கள் யாரிடமாவது இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

லென்ஸைக் கரையில் மாற்ற வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படியும், பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் தப்பிக்கலாம். முன்கண்ணாடியில் உப்புத் திவலை படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மணல் துகள் இருந்தால் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதிவிட்டு, நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீடு திரும்பியதும் கேமரா உடலையும் அதே மாதிரி துடையுங்கள். ட்ரைபாடின் கால்களை நன்னீரில் அலசி, மூட்டுகளை விரித்தபடி காயவையுங்கள்.

படத்தைத் திருத்தும்போது

தொடுவானத்தை நேராக்குவது முதல் வேலை. பிறகு பிரகாசத்தைக் குறைத்து மேகத்தை மீட்டு, நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். முழுதாகத் தூக்கினால் பக்க வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததே வீண். நிறச் செறிவை ஏற்றும் ஆசை வரும். அப்போது நுரையையும் தோலையும் பாருங்கள். நுரையின் வெயில் பக்கம் லேசான மஞ்சளாகவும் நிழல் பக்கம் லேசான நீலமாகவும் இருந்தால் நிறம் சரியாக இருக்கிறது. நுரை முழுதும் ஆரஞ்சாகவோ தோல் செங்கல் நிறமாகவோ மாறினால் அளவு தாண்டிவிட்டது. வானத்தில் சிறு கறைகள் தெரிந்தால் அது சென்சார் தூசி, ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

திரையின் வெளிச்சத்தை நடுத்தரத்தில் வைத்து வேலை செய்யுங்கள், 'நைட் மோட்' போன்ற மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். சூடான நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகி இன்னும் கேட்கும். அதனால் அன்றைக்கே முடிக்காமல் ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் மறுபடி திறந்து பாருங்கள். பெரும்பாலும் வெப்ப அளவை 200, 300 கெல்வின் இறக்கத் தோன்றும். இறக்கிவிட்டுச் சேமியுங்கள்.